‘ஹார்ட் ஸ்கேன்’ எவ்வளவு? கொழும்பில் இருதயப் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன்

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே நான்கு தனியார் வைத்தியசாலைகளுக்குத் தொலைபேசி எடுத்து, “ஹார்ட் ஸ்கேன் ஒன்று செய்ய எவ்வளவு முடியும்?” என்று கேட்டுப்பார்த்தால் நான்கு விலைகள் கிடைக்கும். அவற்றுள் மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் இருக்கும். ஒரு வைத்தியசாலை மலிவு, மற்றது கொள்ளை என்று அதிலிருந்து முடிவுகட்டுவது பெரும்பாலும் தவறு. மறுமுனையில் பேசியவர்களுள் ஒருவர் எக்கோவுக்கும், இன்னொருவர் எக்சசைஸ் ஈ.சி.ஜி.க்கும், மூன்றாமவர் சி.ரி. கல்சியம் ஸ்கோருக்கும், நான்காமவர் சாயம் ஏற்றிச் செய்யும் சி.ரி. அன்ஜியோகிராமுக்கும் விலை சொல்லியிருப்பார்கள். நம்மிடையே ‘ஸ்கேன்’ என்ற ஒரே சொல் இவை அனைத்துக்கும் பொதுவாகிவிட்டது. எந்த இடம் மலிவு என்று தேடுவதற்கு முன்னர் எந்தப் பரிசோதனை, யாருக்கு, எதற்காக என்பது தெளிவாகாவிட்டால், மிகக் குறைந்த விலையில் செய்த பரிசோதனையும் வீண் செலவாகவே முடியும்.

இருதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் பதிவதே ஈ.சி.ஜி. படுத்திருக்கையில் சில செக்கன்களில் எடுக்கப்படும் அந்தப் பதிவு, துடிப்பின் ஒழுங்கையும், முன்பு வந்துபோன மாரடைப்பின் தழும்பையும், அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் மாரடைப்பையும் காட்டக்கூடியது. ஆனால் குருதிக்குழாய் ஒன்று பாதிக்கு மேல் அடைபட்ட ஒருவருக்குக்கூட ஓய்வாகப் படுத்திருக்கும்போது ஈ.சி.ஜி. முற்றிலும் சாதாரணமாக இருக்கலாம். எக்கோ என்பது வயிற்றில் குழந்தையைப் பார்ப்பதற்குப் பயன்படும் அதே ஒலியலைத் தொழில்நுட்பம். இருதயத் தசை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது, வால்வுகள் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றனவா என்பவற்றை அது காட்டும். ரிப்போர்ட்டில் ‘ஈ.எஃப். 60%’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இருதயம் அறுபது வீதந்தான் வேலை செய்கிறது என்று கலங்குபவர்கள் பலர் இருக்கிறார்கள். இடது கீழறையில் நிரம்பிய குருதியில் எத்தனை வீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதையே அந்த எண் குறிக்கிறது. 55க்கும் 70க்கும் இடைப்பட்ட அளவு சாதாரணமானது. இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுருநாடிகளின் உள்ளே அடைப்பு இருக்கிறதா என்பதை வழமையான எக்கோ நேரடியாகக் காட்டுவதில்லை.

எக்சசைஸ் ஈ.சி.ஜி.யில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு ட்ரெட்மில்லில் நடக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் பின்பற்றப்படும் புரூஸ் முறைப்படி, மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகத்தில் 10 வீதச் சரிவில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூட்டப்படும். உழைக்கும்போது இருதயத்துக்குப் போதிய குருதி கிடைக்கிறதா என்பதை இது மறைமுகமாகக் காட்டுகிறது. நோயற்றவர்களுக்கு நோய் இருப்பதாகவும், நோய் உள்ளவர்களுக்கு இல்லை என்றும் இது சொல்லிவிடுவதுண்டு. பெண்களில் இதன் துல்லியம் இன்னும் குறைவு. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு இது உதவாது.

என் மாமாவுக்கு நேர்ந்ததை இங்கே சொல்வது பொருந்தும். வயது அறுபதைத் தாண்டியவர், பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர், மூன்றாம் மாடியில் குடியிருப்பவர். லிஃப்ட் பழுதான ஒரு கிழமையில், இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்ததும் அவர் ஒவ்வொரு தடவையும் நின்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பதைக் கவனித்தேன். போனில் பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. நெஞ்சு இறுகியதால் நின்றிருக்கிறார். வீட்டார் வற்புறுத்தவே, தனியார் வைத்தியசாலை ஒன்றில் கழிவு விலையில் கொடுத்த ‘முழு இருதயப் பெக்கேஜ்’ ஒன்றைச் செய்துகொண்டார். ஈ.சி.ஜி., எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே, கொலஸ்ட்ரோல் பரிசோதனை ஆகியவை அதில் அடக்கம். “எல்லாம் நோர்மல் எண்டு போட்டிருக்கு தம்பி” என்று கோப்பைத் தூக்கிக் காட்டினார். படியேறும்போது என்ன நடக்கிறது என்று அந்தப் பெக்கேஜில் யாரும் அவரிடம் கேட்கவில்லை, ஏனெனில் கேட்பதற்குரிய இருதய நிபுணரைச் சந்திப்பது அந்த விலைக்குள் அடங்கவில்லை. ஒரு மாதம் கழித்து நிபுணர் ஒருவரைச் சனல் செய்து, அதாவது தனியாரில் பணம் கட்டி நேரம் பதிந்து, காட்டியபோது, அவர் ரிப்போர்ட்டைப் புரட்டுவதற்கு முன்பே எத்தனையாவது படியில் நிற்கிறீர்கள் என்று கேட்டார். எக்சசைஸ் ஈ.சி.ஜி. ஆறாவது நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. பின்னர் அரச வைத்தியசாலையில் அன்ஜியோகிராம் என்ற குருதிக்குழாய்ப் படம் எடுத்து, அடைப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள்.

அந்தப் பெக்கேஜ் பொய் சொல்லவில்லை. அதிலுள்ள ஒவ்வொரு பரிசோதனையும் தான் காட்டவேண்டியதைச் சரியாகத்தான் காட்டியது. பிழை வேறிடத்தில் இருந்தது. எந்த அறிகுறியும் இல்லாத ஒருவரில் நோய் ஒளிந்திருக்கிறதா என்று முன்கூட்டித் தேடுவது ஒன்று. அறிகுறி உள்ளவரில் அதன் காரணத்தைக் கண்டறிவது வேறொன்று. மாமா இரண்டாவது வகை. அவருக்குத் தேவைப்பட்டது நிபுணரின் கேள்வி. அவர் பணம் கட்டி வாங்கியதோ முதலாவது வகையினருக்கான பொதி.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களைப் பொறுத்தவரை, உலகெங்கும் ‘ஹார்ட் ஸ்கேன்’ என்று விளம்பரம் செய்யப்படுவது பெரும்பாலும் சி.ரி. கல்சியம் ஸ்கோர் என்ற பரிசோதனையே. முடியுருநாடிகளின் சுவரில் கொழுப்புப் படிந்து நாட்பட்டால் அதில் கல்சியம் சேரும். கல்சியம் எலும்பைப் போலவே சி.ரி. படத்தில் வெள்ளையாகத் தெரியும் என்பதால், சாயமோ ஊசியோ இல்லாமல், இருதயத் துடிப்போடு ஒத்திசைத்து எடுக்கும் ஒரு படத்திலேயே அதை அளந்துவிடலாம். மேசையில் படுத்து மூச்சைச் சில செக்கன்கள் பிடித்தால் போதும். அமெரிக்க வைத்தியர் ஆர்தர் அகட்ஸ்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990 இல் வெளியிட்ட முறைப்படி, ஒவ்வொரு கல்சியப் புள்ளியின் பரப்பளவும் அதன் அடர்த்திக்கேற்ப 1 முதல் 4 வரையான எண்ணொன்றால் பெருக்கப்பட்டு, எல்லாவற்றினதும் கூட்டுத்தொகை ஸ்கோராகத் தரப்படுகிறது. பூச்சியம் என்றால் கல்சியம் இல்லை. 100க்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய அளவு. 400க்கு மேல் என்றால் படிவு மிக அதிகம். இதில் உடலுக்குள் செல்லும் கதிர்வீச்சு ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெறும் 2.4 மில்லிசீவர்ட்டோடு ஒப்பிட்டால் இது அஞ்சத்தக்க அளவன்று. ஆனால் ஆண்டுதோறும் ஆசைக்குச் செய்துபார்க்கும் காரியமும் அன்று.

இந்த ஸ்கோரின் பயன் குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க இருதய அமைப்புகள் 2018 இல் வெளியிட்ட கொலஸ்ட்ரோல் வழிகாட்டியின்படி, அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு 7.5 முதல் 20 வீதம் வரை என்று கணிக்கப்பட்ட இடைநிலையினருக்கு, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்குவதா வேண்டாமா என்ற முடிவு தடுமாறும்போது இந்த ஸ்கோர் கைகொடுக்கிறது. பூச்சியம் வந்தால், நீரிழிவோ புகைப்பழக்கமோ நெருங்கிய உறவில் இளவயது மாரடைப்போ இல்லாதவர்கள் மாத்திரையைத் தள்ளிப்போடலாம். 100க்கு மேல் வந்தால் தொடங்குவது நல்லது. ஆபத்து மிகக் குறைந்தவருக்கு இந்தப் பரிசோதனை எதையும் மாற்றப்போவதில்லை. ஏற்கெனவே ஆபத்து மிகுந்தவர் ஸ்கோர் எதுவானாலும் மாத்திரை எடுக்க வேண்டியவரே. அதே 2018 இல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, அறிகுறியற்ற எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று கூறியது. ஆபத்துக் குறைந்தவர்களுக்கு வெறும் ஈ.சி.ஜி.யை முன்கூட்டிய பரிசோதனையாகச் செய்ய வேண்டாம் என்றும் அது பரிந்துரைத்தது. நமது பெக்கேஜ்களில் முதலில் நிற்பது அந்த ஈ.சி.ஜி.தான் என்பது வேடிக்கை.

பூச்சியம் என்ற எண்ணை வைத்துக் கொண்டாடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. கல்சியம் சேராத மென்மையான கொழுப்புப் படிவுகளை இந்தப் பரிசோதனை காணாது, அவையே வெடித்து மாரடைப்பை உண்டாக்கவும் கூடும். நாற்பது வயதில் புகைப்பவருக்கு வரும் பூச்சியமும் அறுபத்தைந்து வயதில் வரும் பூச்சியமும் ஒரே பொருள் தருவன அல்ல. தெற்காசியர்களான நமக்கு இது முக்கியம். 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தெற்காசியப் பகுதியில் இலங்கையும் இடம்பெற்றது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது இப்பகுதியில் 53 ஆகவும் ஏனைய நாடுகளில் 58.8 ஆகவும் இருந்ததாக அது 2007 இல் தெரிவித்தது. “நாங்கள் சைவம், எங்களுக்கு வராது” என்ற நம்பிக்கையோடு நாளுக்கு மூன்று வேளை வெள்ளைச் சோறும் பாணும் சாப்பிட்டு, காலி வீதியைக் கடப்பதைத் தவிர வேறு நடையின்றி வாழும் குடும்பங்களைக் கொழும்பில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே, தேடலைத் தொடங்க வேண்டிய இடம் சி.ரி. இயந்திரம் இருக்கும் கட்டடம் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 ஆம் ஆண்டு விவரக்குறிப்பின்படி இலங்கையில் நிகழும் மரணங்களில் 83 வீதமானவை தொற்றாநோய்களால் ஏற்படுகின்றன, இருதய மற்றும் குருதிக்குழாய் நோய்கள் மட்டும் 34 வீதம். இதை மனத்திற்கொண்டே சுகாதார அமைச்சு 2011 முதல் நாடு முழுவதும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை நடத்திவருகிறது. அரச வைத்தியசாலைகளோடும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளோடும் இணைந்த இந்நிலையங்களில், நடுத்தர வயதை எட்டியவர்களுக்குக் குருதியமுக்கம், உடற்பருமன், குருதிச் சீனி ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்த்து, அவற்றை உலக சுகாதார நிறுவனத்தின் நிற அட்டவணையில் பொருத்தி, பத்தாண்டு ஆபத்து எத்தனை வீதம் என்று சொல்வார்கள். வயது, பால், புகைத்தல், குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்ட்ரோல் என்ற ஆறு விவரங்களே அதற்குத் தேவை. குருதிப் பரிசோதனை வசதி இல்லாத இடங்களுக்கு, உயரத்தையும் நிறையையும் கொண்டு கணிக்கும் இன்னோர் அட்டவணையும் உண்டு. பச்சைக் கட்டத்தில் விழுந்தவருக்கு ஸ்கேன் தேவையில்லை; சிவப்பில் விழுந்தவர் நேரே கிளினிக்குக்குப் போக வேண்டியவர். நடுவில் நிற்பவருக்கு மட்டுமே ஸ்கோர் பற்றிய பேச்சு அர்த்தமுள்ளது. இவ்வளவு பயனுள்ள நிலையத்துக்கு நம்மவர்கள், குறிப்பாக ஆண்கள், ஏன் போவதில்லை என்று எனக்கு நெடுநாள் வியப்பு. இலவசமாகக் கிடைப்பது தரமற்றது என்ற எண்ணமும், வேலை நாள் காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருப்பதும் காரணங்களாக இருக்கலாம்.

நோய் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தபின் கொழும்பில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது அரச வைத்தியசாலை. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் இருதய நோய்ப் பிரிவிலும், தெஹிவளை, வெள்ளவத்தை மக்களுக்கு அண்மையிலுள்ள களுபோவில போதனா வைத்தியசாலையிலும், ஓ.பி.டி. எனப்படும் வெளிநோயாளர் பிரிவு அல்லது வைத்தியரின் கடிதம் வழியாகக் கிளினிக்கில் பதிந்துகொண்டால் ஈ.சி.ஜி., எக்கோ முதலியவை கட்டணமின்றிச் செய்யப்படும். விலையைப் பணத்தில் கொடுக்காமல் நாட்களில் கொடுக்கிறோம். அவசரமற்ற எக்கோ ஒன்றுக்கு நெடுங்காலம் காத்திருக்க நேரலாம். அரச நிபுணர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாரிலும் நோயாளரைப் பார்ப்பதால், ஒருமுறை சனல் செய்து, அவர் தரும் கடிதத்தோடு அரச கிளினிக்குக்குச் செல்வது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இரண்டாவது, ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்டு 1984 இல் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுர பொது வைத்தியசாலை. அரசுக்குச் சொந்தமானதாயினும் கட்டணம் அறவிடும் இவ்விடத்தை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது, கொள்ளுப்பிட்டியிலும் நாரஹேன்பிட்டியிலும் கொம்பனித்தெருவிலும் உள்ள பெரிய தனியார் வைத்தியசாலைகளும், காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சிறிய நிலையங்களும். ஈ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் வரை சிறிய நிலையங்களே போதும். சி.ரி. என்றால் பெரிய இடங்களுக்கே போக வேண்டும்.

சி.ரி.யின் விலை ஏன் அவ்வளவு கூடுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. இயந்திரமும், தேய்ந்துபோகும் அதன் எக்ஸ்ரே குழாயும், பராமரிப்பு ஒப்பந்தமும், ஏற்றப்படும் அயடின் சாயமும் டொலரில் வாங்கப்படுகின்றன. 2022 இன் சில மாதங்களில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் போனதன் சுமை இன்றும் கட்டணச்சீட்டில் இருக்கிறது. எக்கோவிலோ செலவின் பெரும்பகுதி பார்க்கும் வைத்தியரின் நேரமே. ஆகவே தொலைபேசியில் விலை கேட்கும்போது பரிசோதனையின் பெயரை வைத்தியர் துண்டில் எழுதியபடி அப்படியே வாசித்துச் சொல்லவேண்டும். ரிப்போர்ட் எழுதும் வைத்தியரின் கட்டணமும் வைத்தியசாலைக் கட்டணமும் சொன்ன தொகைக்குள் அடங்குமா, சி.ரி. அன்ஜியோகிராம் என்றால் சாயத்துக்கும் அதற்கு முன் சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியற்றினின் பரிசோதனைக்கும் தனியாகக் கட்ட வேண்டுமா, படங்கள் சீடியில் தரப்படுமா என்று கேட்டால், முதலில் மலிவாகத் தெரிந்த இடம் அப்படியல்ல என்பது பல தடவை தெரியவரும். சீடி இல்லாவிட்டால் அடுத்த நிபுணர் அதே பரிசோதனையை மீண்டும் செய்யச் சொல்லக்கூடும்.

‘அருகில்’ என்பதற்கும் இங்கே ஒரு பொருள் உண்டு. சி.ரி. அன்ஜியோகிராமில் படம் தெளிவாக வர நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60, 65 அளவில் இருக்க வேண்டும். அதற்காக மாத்திரைகூடக் கொடுப்பார்கள். காலைத் தேத்தண்ணியையும் கோப்பியையும் தவிர்க்கச் சொல்வதும் அதற்காகவே. காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, நேரம் பிந்திவிட்டதென்ற பதற்றத்தோடு படியேறி வருபவரின் துடிப்பு தணிய ஒரு மணித்தியாலம் உட்கார வைக்க வேண்டியிருக்கும். சில நூறு ரூபா மிச்சம் பிடிக்க வத்தளையிலிருந்து தெஹிவளைக்கு ஓடுவதில் இலாபம் இல்லை. சென்னைக்குப் போய் ‘மாஸ்டர் செக்-அப்’ செய்து, அப்படியே புடவையும் எடுத்து வருபவர்களைப் பற்றியும் இதையே சொல்லலாம். பரிசோதனை அங்கே குறைவாக இருக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டில் ஏதேனும் எழுதப்பட்டால் தொடர்ந்து பார்க்க வேண்டியவர் கொழும்பில்தான் இருக்கிறார்.

ஏதேனும் எழுதப்படுவது அரிதும் அன்று. நெஞ்சை சி.ரி. எடுத்தால் நுரையீரலின் ஒரு பகுதியும் படத்தில் விழும். அதில் தெரியும் சிறு முடிச்சு ஒன்று பெரும்பாலும் பழைய தொற்றின் தழும்பாகவே இருக்கும். ஆனாலும் அதை உறுதிசெய்ய இன்னொரு ஸ்கேன், இன்னொரு சனல், வீட்டில் சில மாத உறக்கமின்மை என்று செலவு நீளும். அறிகுறியற்றவருக்கான பரிசோதனையைக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால் இந்தத் தொடர் செலவும் கைக்காசாகவே போகும்.

நெஞ்சில் பாரம் ஏற்றியது போன்ற நோவு, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சிரைப்பு என்பவை தோன்றிவிட்டால் மேற்கூறிய ஒப்பீடுகள் எதற்கும் நேரமில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். பெண்களிலும் நீண்டகால நீரிழிவு உள்ளவர்களிலும் நோவே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரக்கூடும். ‘காஸ்’ என்று எண்ணி இஞ்சித் தேத்தண்ணி குடித்துக் காத்திருந்த வீடுகளின் கதைகள் ஒவ்வொரு தொடர்மாடியிலும் உண்டு.

பரிசோதனைகளின் பின் நீண்ட காலத்துக்கு வரும் செலவு மாத்திரைகளுடையது. ஸ்டாட்டின், அஸ்பிரின், பிரஷர் மாத்திரை போன்றவை அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும். அங்கே இல்லாதபோது, 1971 இல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கிளைகளில் தனியார் பார்மசிகளைவிடக் குறைந்த விலைக்கு வாங்கலாம். துண்டில் வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்பது நோயாளரின் உரிமை.

மாமாவின் கோப்பிலிருந்த இன்னொரு காகிதத்தையும் குறிப்பிட வேண்டும். பழைய ஈ.சி.ஜி. ஒன்று இருந்தால், புதியதில் தெரியும் மாற்றம் அண்மையில் வந்ததா, பல ஆண்டுகளாக இருப்பதா என்று வைத்தியரால் உடனே சொல்லிவிட முடியும். செலவே இல்லாத, மிகப் பயனுள்ள ஒப்பீடு அது. மாமாவிடம் எட்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒன்று இருந்தது. பொலித்தீன் உறையில் பத்திரமாக வைத்து, நிபுணரிடம் பெருமையோடு நீட்டினார். ஈ.சி.ஜி. அச்சிடப்படுவது வெப்பத்தில் கறுக்கும் காகிதத்தில். வெயிலிலும் பொலித்தீனிலும் அது மெல்ல மெல்ல வெளுத்துவிடும். நிபுணர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஓரத்தில் பேனாவால் எழுதிய பெயரும் திகதியும் மட்டும் தெளிவாக இருந்தன. இப்போது வீட்டில் ஒவ்வொரு ஈ.சி.ஜி.யையும் வாங்கிய அன்றே முச்சந்தியிலுள்ள போட்டோகொப்பிக் கடையில் இரண்டு பிரதி எடுத்துவிடுகிறோம்.